அன்று அப்பா பெயர், இன்று நீட் ரேங்க்

ராணுவத்தில் நர்ஸாகச் சேர என்ன படித்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், "எந்த வருஷத்தில்?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். நக்கல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நக்கல்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் கிடையாது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முதல் பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. நான் அந்த முதல் செட். நாசரேத் பக்கம் எங்கள் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தெரியும், பி.யூ.சி. தெரியும். பிளஸ் டூ என்றால் என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. பி.யூ.சி. கிடைக்காதவர்களுக்கு அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுக்கும் சர்டிபிகேட் என்று மாமா திண்ணையில் விளக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சர்டிபிகேட்டை வைத்துத்தான் ராணுவ நர்ஸிங் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். பேப்பரில் வந்த விளம்பரம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அறிவியல் படித்திருக்க வேண்டும், வயது இவ்வளவுக்குள், உடம்பு நல்ல நிலையில், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. முடிந்தது.

வீட்டில்தான் நிஜமான இன்டர்வியூ நடந்தது.

"ஏட்டி, சண்டை வந்தா துவக்கும் நீதான் தூக்கணுமா?" என்றாள் ஆச்சி.

"இல்ல ஆச்சி, பெட்பான்தான் தூக்கணும்."

"அப்பன்னா போயிட்டு வா. அது உங்க தாத்தாவுக்குத் தூக்கிப் பழகுனதுதான."

ஆச்சியின் தேர்வுக்குழு அளவுக்கு வேலையைச் சரியாகப் புரிந்துகொண்ட குழுவை அதன்பிறகு நான் சந்திக்கவில்லை.

டெல்லியிலிருந்த குழு இங்கிலீஷில் பேசச் சொன்னது. மிஷன் பள்ளிக்கூடத்துப் புண்ணியத்தில் பேசிவிட்டேன். வடக்கே ஒரு ராணுவ மருத்துவமனையில் மூன்று வருஷப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. போன முதல் நாளே தெரிந்தது, வார்டில் இங்கிலீஷுக்கு வேலையே இல்லை என்று. கட்டிலில் கிடந்தவர்கள் கடுவாலியிலும் டோக்ரியிலும் நேபாளியிலும் முனகினார்கள். இந்தி எனக்குத் தெரியாது. நான் படித்த பள்ளியில் சொல்லித் தரவில்லை, விண்ணப்பத்திலும் கேட்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்கும் இந்தியை ஒரு நாயக் எனக்குக் கற்றுக்கொடுத்தார், அவருக்கு வலித்துக்கொண்டிருக்கும்போதே. தெற்கத்திக்காரி என்றதும் எல்லோரும் மலையாளியா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, ஓணத்துக்குக் கோலம் போட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த மூன்று வருஷமும் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்தோம். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டினோம். போர்வை, தலையணை உறைகளை எண்ணி ஒப்படைத்தோம். கணக்கில் ஒரு துண்டு குறைந்தால் எல்லையில் ஊடுருவல் நடந்ததைப் போல விசாரணை. படிப்பு முடிந்ததும் தோளில் நட்சத்திரம் ஏறியது. லெப்டினன்ட்! ஊரில் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். 1976-லேயே கெர்ட்ரூட் அலிஸ் ராம் என்ற ராணுவ நர்ஸ் மேஜர் ஜெனரல் ஆகியிருந்தார். இந்திய ராணுவத்தில் ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. நாங்கள் எல்லோரும் அந்த நாற்காலியை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தோம், வழியில் ஒரு மாப்பிள்ளை குறுக்கிடாத வரைக்கும்.

ஏனென்றால் விளம்பரத்தின் கடைசி வரி சேர்ந்த பிறகும் எங்களை விடவில்லை. 1977-இல் வந்த ராணுவ உத்தரவின்படி, கல்யாணம் செய்துகொண்ட நர்ஸ் அதிகாரியைப் பணியிலிருந்து அனுப்பிவிடலாம். படிப்பு போதவில்லை என்றால் போஸ்ட் பேசிக் என்ற மேற்படிப்பைப் படித்து ஈடுகட்டிக்கொள்ளலாம். கழுத்தில் தாலி ஏறினால் எந்த கோர்ஸில் சேர்வது? ராணுவ டாக்டர் கல்யாணம் செய்யலாம், ஜவான் லீவு போட்டுப் போய்ச் செய்யலாம், சமையற்கட்டு ஹவில்தார் பேரன் எடுக்கலாம். எங்களுக்கு மட்டும் அது தகுதியிழப்பு. 1988-இல் ஒரு லெப்டினன்ட் ராணுவ அதிகாரி ஒருவரையே மணந்துகொண்டார். மணமேடையில் இருவர் இருந்தார்கள். உத்தரவு மணப்பெண்ணைத் தேடித்தான் வந்தது. அவர் விடாமல் வழக்கு நடத்தினார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதி வெளிப்படையாகவே தன்னிச்சையானது, பாலினப் பாகுபாடு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதற்குள் 35 வருஷம் ஓடிவிட்டது. விதி 1995-லேயே திரும்பப் பெறப்பட்டிருந்தது. அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. ராணுவம் விதியைக் கைவிட்டதும் கல்யாணத் தரகர் அதை எடுத்துக்கொண்டார்: "வயசு கொஞ்சம் கூடுதல்லா, டீச்சர்னாலும் பார்க்கலாம், மிலிட்டரிங்கிறாகளே!"

இந்தக் கதைக்கு என் காலத்தைவிட நீளமான வால் உண்டு. 1888 மார்ச் 28 அன்று கேதரின் லாக் என்ற அம்மையார் தலைமையில் 10 பிரிட்டிஷ் நர்ஸுகள் பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினார்கள். அவர்கள் வந்தது வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கவனிக்க. இந்தியச் சிப்பாய்களுக்கென்று நிரந்தரமான நர்ஸிங் பிரிவு 1926 அக்டோபர் 1 அன்றுதான் வந்தது. அதுவரை நம் சிப்பாய் தானாகவே குணமாகிக்கொண்டான் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

1902-இல் அலெக்சாண்ட்ரா ராணி பெயரில் பிரிட்டன் அமைத்த ராணுவ நர்ஸிங் பிரிவில், மருத்துவமனையில் மூன்று வருஷப் பயிற்சி கட்டாயம். அதோடு அப்பா என்ன தொழில் செய்கிறார் என்றும் எழுத வேண்டும். இவள் நல்ல குடும்பத்துப் பெண்தான் என்று அந்தஸ்துள்ள ஒரு சீமாட்டி சாட்சி சொல்லவும் வேண்டும். கல்யாணமாகியிருக்கக் கூடாது, அல்லது விதவையாக இருக்க வேண்டும். போர் வந்தால் கூப்பிட்டுக்கொள்ள 1897-லிருந்தே ரிசர்வ் நர்ஸுகள் படை ஒன்றும் வைத்திருந்தார்கள். அதற்கும் முழுப் பயிற்சி பெற்றவர்கள்தான் வேண்டும். முதல் உலகப்போர் வெடித்து, காயம்பட்டவர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கியதும் என்ன ஆயிற்று? முதலுதவிச் சான்றிதழும் வீட்டுப் பராமரிப்புச் சான்றிதழும் வாங்கிய தன்னார்வப் பெண்கள் வார்டுக்குள் வந்து கட்டுப் போட்டார்கள். ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தவன் எவனும், "சிஸ்டர், உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்கவில்லை. தகுதிப் பட்டியல் சமாதான காலத்தில் நீளும், குண்டு விழுந்தால் சுருங்கும்.

இப்போது சமாதான காலம். பட்டியல் நன்றாகவே நீண்டிருக்கிறது.

என் தங்கை மகள் திருநெல்வேலியில் கோச்சிங் போகிறாள். ஒருநாள் கேட்டாள்: "பெரியம்மா, நீங்க நீட் எழுதி எவ்வளவு எடுத்தீங்க?"

"எங்க காலத்துல பெட்டை நீட்டா விரிச்சா போதும்ட்டி."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்னால் இருக்கும் மலை அப்படி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, ரெகுலர் மாணவியாக, முதல் முயற்சியிலேயே, 50 சதவீதத்துக்குக் குறையாமல் தேற வேண்டும். அதன்பின் நீட், 2022-லிருந்து ராணுவ நர்ஸிங்குக்கும் அதுதான் வாசல். 720 மார்க்குக்கு அவள் எடுப்பதை வைத்துக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் பொது அறிவுத்திறனுக்கும் ஆங்கிலத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை, மனோதத்துவச் சோதனை, இன்டர்வியூ, மெடிக்கல். இத்தனையும் தாண்டி உள்ளே போனால் நாலு வருஷ பி.எஸ்சி. நர்ஸிங், முடித்ததும் ஐந்து வருஷம் பணிபுரிவேன் என்று பாண்ட். புனே, மும்பை, டெல்லி, லக்னோ, கொல்கத்தா, பெங்களூரு என ஆறு கல்லூரிகள், மொத்தம் 220 இடங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதே பி.எஸ்சி. நர்ஸிங்கைத் தமிழ்நாட்டில் படிக்க அவளுக்கு நீட் வேண்டாம். பிளஸ் டூ மார்க் போதும், கவுன்சலிங்குக்குப் போகலாம். ஊர் நோயாளிக்கு ஊசி போட ஒரு பரீட்சை, ஜவானுக்கு ஊசி போட இன்னொரு பரீட்சை. நரம்பு இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நீட் ஹாலில் நுழையும்போது தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றச் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் சேர்ந்த பிறகுதான் கழற்றச் சொன்னார்கள்.

கல்யாண வரி? அது இன்னும் இருக்கிறது. மாணவியாகச் சேர, திருமணமாகாதவராகவோ, விவாகரத்தானவராகவோ, சட்டப்படி பிரிந்தவராகவோ, பிள்ளை குட்டிப் பொறுப்பில்லாத விதவையாகவோ இருக்க வேண்டும். ஒரு நூற்றாண்டில் நீட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, மனோதத்துவம் வந்தது. அந்த வரி மட்டும் மெடிக்கல் லீவுகூட எடுக்காமல் டியூட்டியில் நிற்கிறது.

பட்டப்படிப்பு வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 1946-லேயே வேலூர் சி.எம்.சி.யும் டெல்லிக் கல்லூரியும் நர்ஸுகளுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தன. ராணுவம் அந்த வழிக்கு முழுதாக வந்து சேரத் தாமதம் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைய ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் அலாரம் எதற்கு அடிக்கிறது என்று அந்த நொடியில் புரிய வேண்டும். இன்ஃபியூஷன் பம்பில் மைக்ரோகிராம் கணக்குப் போட வேண்டும். கல்லில் ஊசி தீட்டிய எங்கள் கைத்திறன் அங்கே ஒரு நிமிஷம் தாங்காது. படித்து முடித்தவர்களை நேரடியாக எடுக்கும் ஷார்ட் சர்வீஸ் கமிஷனுக்கும் இப்போது பி.எஸ்சி.யோ, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யோ, எம்.எஸ்சி.யோ வேண்டும். வெறும் டிப்ளமாவோடு சேர்ந்து ஓய்வு பெறும்வரை வார்டுகளை நடத்திய என் செட், இன்று விண்ணப்பம் போட்டால் முதல் வரியிலேயே நின்றுவிடும். நிற்கட்டும். அது முன்னேற்றம்தான்.

நான் சொல்ல வருவது வேறு. தகுதி என்று ஒவ்வொரு காலமும் எழுதிவைப்பது தனக்கு எதில் பயமோ அதைத்தான். ராணி காலத்துக்குக் குலம் தாழ்ந்தவள் வந்துவிடுவாளோ என்று பயம், அப்பா பெயரைக் கேட்டது. என் காலத்துக்கு நாங்கள் குடும்பம் நடத்திவிடுவோமோ என்று பயம், கழுத்தைப் பார்த்தது. இன்றைக்கு மார்க் குறைந்தவள் வந்துவிடுவாளோ என்று பயம், ரேங்க் கேட்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு, காலை இழந்த இருபத்தோரு வயசுப் பையன் அம்மாவைக் கூப்பிட்டு அழும்போது பக்கத்தில் உட்கார முடியுமா என்று எந்தக் காலமும் கேட்கவில்லை. ஆச்சி மட்டும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டாள்.

பெண்ணை ராணுவ நர்ஸிங்குக்கு அனுப்ப நினைக்கும் தகப்பன்மார்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் டூவை முதல் தடவையிலேயே முடிக்கட்டும்; இரண்டாம் வாய்ப்பு அங்கே கிடையாது. நீட் தேதியும், 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில் வரும் அறிவிப்பும் தனித்தனி, இரண்டையும் கவனியுங்கள். பேசும் அளவுக்கு இந்தி கற்றுக்கொள்ளட்டும், பரீட்சையில் வராவிட்டாலும். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அவளை ஒரு வாரம் பக்கத்தில் இருந்து கவனிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் இருந்தால் தைரியமாக விண்ணப்பம் போடுங்கள். அதுவரைக்கும் தயவுசெய்து மாப்பிள்ளை மட்டும் பார்க்காதீர்கள்.