போலித்தொன்மை அட்டைகள்: நிறைவுறாத் தொகுதி குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் உருவத்தை முன்புறத்திலும் அவருடைய ஆட்டக் கணக்கைப் பின்புறத்திலும் தாங்கி, பெரும்பாலும் இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் கொண்டு விளங்கும் கெட்டிக் காகிதம் பேஸ்பால் அட்டை எனப்படும். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களை, அவர்கள் ஆடிய காலத்து அட்டைகளின் சாயலிலேயே, பல்லாண்டுகள் கழித்துப் புதிதாக அச்சிட்டு விற்பதை இவ்வாய்வு 'போலித்தொன்மை' என்று வழங்குகிறது. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் உண்மை தெரியும் என்பதால் இதைக் கள்ள நோட்டின் இனத்தில் சேர்ப்பது முறையன்று.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணத்தக்கது, டாம் காலியர், மைக் ஆரன்ஸ்டைன் ஆகிய இருவரின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்து, 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் தோன்றிய டிசிஎம்ஏ என்னும் சிறு பதிப்பகமாகும். 1956-இல் தன் போட்டியாளரான போமன் நிறுவனத்தை விலைக்கு வாங்கிவிட்ட டாப்ஸ் என்னும் அட்டை நிறுவனம், பெரிய லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தோரில் ஏறத்தாழ அனைவரையும் ஒப்பந்தத்தால் கட்டி வைத்திருந்தது. முக்காலங்களுள் நிகழ்காலம் இவ்வாறு டாப்ஸின் பட்டா நிலமாகிவிட்டமையால், டிசிஎம்ஏ ஓய்வுபெற்றோரை அச்சிட்டு இறந்தகாலத்திலும், சிறு லீக்குகளில் ஆடும் இளைஞர்களை அச்சிட்டு எதிர்காலத்திலும் குடியேற நேர்ந்தது. ஆரன்ஸ்டைன் 1976-இல் எஸ்எஸ்பிசி என்ற பெயரில் 630 அட்டைகளுடன் நிகழ்காலத்துக்குள் நுழைந்து பார்த்தார். டாப்ஸ் வழக்குத் தொடுத்தது. அவ்வட்டைகளின் பின்புற வாசகங்களை எழுதியவர், பிற்காலத்தில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற, அப்போது மீசை அரும்பும் பருவத்திலிருந்த கீத் ஓல்பர்மன் என்பது துணைச் செய்தி.

இனி, மையச் சிக்கலுக்கு வரலாம். 1953-ஆம் ஆண்டின் போமன் வண்ண அட்டைகள் முன்புறத்தில் பெயர்கூட இல்லாமல் வெறும் ஒளிப்படத்தோடு வந்தவை; அவற்றை மாதிரியாகக் கொண்டு, ஐம்பதுகளின் ஆட்டக்காரர்களை டிசிஎம்ஏ 1979-இல் ஒரு தொகுதியாக வெளியிட்டது. மூலத்துக்கும் நகலுக்கும் இடைவெளி 26 ஆண்டுகள். நகல் வெளிவந்து இன்றைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 26 வயது மூலத்தைத் தொன்மை என்று கொண்டாடியவர்கள், அதனினும் மூத்துவிட்ட நகலை இன்னும் போலி என்றழைப்பது எந்த அளவைநூலுக்கும் பொருந்தாது. எனினும் சந்தை அவ்வாறே அழைக்கிறது, விலையும் அவ்வாறே வைக்கிறது.

பழைய அட்டையில் முனை மழுங்காமையும் மடிப்பு விழாமையும் போற்றப்படுவதால், பழையது புதிதாகத் தோன்ற வேண்டும் என்பதும், புதியது பழையதாகத் தோன்ற வேண்டும் என்பதும் சேகரிப்பாளரின் இருவேறு கொள்கைகள் எனலாம். சூயிங்கத்தோடு பொட்டலத்தில் அடைக்கப்பட்ட டாப்ஸ் அட்டைகளின் முதுகில் கறை படிந்ததுண்டு. அஞ்சலில் விற்கப்பட்ட போலித்தொன்மை அட்டைக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

இதைவிடக் கொடிய குறை, முழுத் தொகுதியையும் ஒரே கட்டாக வாங்கிவிட முடிந்தமையே. பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து, இரட்டித்தவற்றை மாற்றி, கிடைக்காத ஓர் அட்டைக்காக ஏங்குவதே சேகரிப்பு எனில், கட்டு வந்து சேர்ந்த நொடியில் சேகரிப்பு தொடங்கி முடிந்தும் விடுகிறது. இந்நெருக்கடிக்குச் சேகரிப்பாளர்கள் கண்ட தீர்வு கையொப்பமாகும். 1979 தொகுதியின் எழுத்தில்லாத முன்புறம் அதற்கு உகந்ததாக இருந்ததாலும், மறக்கப்பட்ட பலருக்கு வேறு நல்ல அட்டை அரிதாக இருந்ததாலும், அட்டையையும் தபால்தலை ஒட்டிய திரும்பு உறையையும் முதிய ஆட்டக்காரர்களின் வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்துப் பெறும் வழக்கம் பரவியது. சிலர் உடனே ஒப்பமிட்டு அனுப்பினர்; சிலர் பதிலே அனுப்பவில்லை; சிலர் உறை போய்ச் சேருமுன் காலமாயினர். ஆகவே கையொப்பமிட்ட தொகுதி எவரிடமும் எளிதில் நிறைவுறாது என்பது உறுதியாகி, சேகரிப்பாளர்கள் நிம்மதியடைந்தனர்.