ஃப்ரிட்ஜ் கதவில் உலகம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் 330 மீட்டர் ஈஃபில் கோபுரமும் சிங்கப்பூரின் 8.6 மீட்டர் மெர்லயன் சிலையும் ஒரே உயரம். மெர்லயனுக்குப் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொள்ளும் வேலை. தாஜ்மகாலிடம் கேஸ் புக்கிங் நம்பர். ஷாஜகானே வந்தாலும் வீட்டம்மாவைக் கேட்காமல் அந்தத் தாளை எடுக்க முடியாது.

பாரிஸ் போய்வந்த மைத்துனர் தந்த கோபுரத்தைத் திருப்பிப் பார்த்தேன்: 'மேட் இன் சைனா'. மெர்லயனும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் யாருமே போகாத நாடு சீனா. கதவில் அதிக இடம் பிடித்திருப்பதும் அதுதான்.

இந்தப் பொம்மைகளின் பின்னால் ஒட்டியிருப்பது ஃபெரைட் தூளை ரப்பரில் குழைத்துச் செய்த காந்தப் பட்டை. சில சொந்தக்காரர்களைப் போல ஒரு பக்கம்தான் ஒட்டும், பாரம் ஏற்றினால் நழுவும். கரண்ட் பில்லோடு ஸ்கூல் ஃபீஸ் நோட்டீஸையும் சேர்த்துச் செருகிய அன்று லண்டன் பாலம் சாம்பார் பாத்திரத்தில் விழுந்தது.

இப்போது கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் வேண்டுமாம். அதில் காந்தம் சரியாக ஒட்டாது. ஆகவே பயணம் கிளம்பும் உறவினர்களே, இனி தின்பண்டம் வாங்கி வாருங்கள். ஃப்ரிட்ஜுக்கு உள்ளே நிறைய இடம் இருக்கிறது.