தேக்கு அலுமாரியும் ஆட்டுக்கல்லும்

டென்மார்க்கில் வீடு விற்கிறவருக்கு, எதை விட்டுப் போவது, எதை எடுத்துப் போவது என்ற கேள்வியில் பாதியைச் சட்டமே தீர்த்து வைத்துவிடும். வீட்டுக்காரர் தன் செலவில் கட்டடத்துக்கென்று பொருத்திய குழாய், வயர், சூடாக்கும் கருவி, வீட்டு வேலை மெஷின்கள் எல்லாம் அந்தக் கட்டடத்தையே சேர்ந்தவை என்கிறது 1926ஆம் ஆண்டுச் சொத்துப் பதிவுச் சட்டம். தரகர் தயாரிக்கும் விற்பனைப் பத்திரத்தில் பிரிட்ஜ், ஓவன், உடுப்புத் தோய்க்கும் மெஷின் எல்லாம் என்ன கம்பனி என்பது வரை எழுதப்படும். எழுதாத அத்தனையையும் விற்பவர் அகற்றி, வீட்டைக் கூட்டித் துடைத்துச் சாவியைக் கொடுக்க வேண்டும். ஹேர்னிங் நகரில் எங்கள் மஞ்சள் செங்கல் வீட்டை விற்று, மகள் இருக்கும் ஆர்ஹுஸ் பக்கம் போவதென்று முடிவான பிறகு, சட்டம் தொடாத அந்த மற்றப் பாதியோடுதான் நானும் மனைவியும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதே வீட்டை நாங்கள் வாங்கியது தொண்ணூறுகளின் பின்பாதியில். விற்பவர் நிபுணர் ஒருவரைக் கொண்டு வீட்டைச் சோதித்து அறிக்கை தரும் முறை அப்போதுதான், 1996இல், வந்திருந்தது. ஓட்டில் எங்கே வெடிப்பு, குளியலறைச் சுவரில் எங்கே ஈரம் என்பதெல்லாம் எழுத்தும் இலக்கமுமாக அதில் இருக்கும். இப்போது அதையே சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று நிறம் போட்டுத் தருகிறார்கள். ஆனால் எங்களுக்கு வீட்டை விற்ற முதிய தம்பதி எந்த அறிக்கையிலும் இல்லாதவற்றையும் விட்டுப் போயிருந்தார்கள்: பனி வழிக்கும் சவள், தோட்டத்து மூலையில் ருபார்ப் செடி, எந்த மரத்தை எந்த மாதம் கத்தரிக்க வேண்டும் என்று கையால் எழுதிய ஒரு தாள், பிறகு அந்த வெள்ளைக் கொடிக்கம்பம்.

டெனிஷ்காரர் பிறந்தநாளுக்கும் கொடி ஏற்றுவார்கள். 1219இல் எஸ்தோனியாவில் நடந்த போரின் நடுவே வானத்திலிருந்து விழுந்த கொடி இது என்பது அவர்களின் ஐதீகம். கொடி நிலத்தில் படக்கூடாது, பொழுதுபடுமுன் இறக்கிவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்துத் தோழிகளை அழைத்துவந்து, கேக் வெட்டுவதற்கு முன்னால் எல்லாரும் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்த அந்தப் பிறந்தநாள்களை மகள் இன்னும் சொல்வாள். கம்பம் கொங்கிறீற்றில் நிற்கிறது, அது வீட்டோடு போகும். கொடி எங்களோடு வரும்.

இன்னும் பின்னே போனால், எண்பதுகளில் எங்களுக்கு வீடும் இல்லை, விட்டுப் போகச் சாமானும் இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து யூட்லாந்தின் சிறு நகரங்களுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களை முதல் ஒன்றரை ஆண்டு பார்த்துக்கொண்டது டெனிஷ் அகதிகள் சபை. கட்டிலும் கதிரையும் செஞ்சிலுவைக் கடையிலிருந்தும் பழைய சாமான் சந்தையிலிருந்தும் வந்தன. அப்படி வந்தவற்றில் முக்கால்வாசி தேக்கு! யாழ்ப்பாணத்தில் ஒரு தேக்கு அலுமாரி இருந்தால் அது முன்னறையில் நிற்கும், சீதனப் பேச்சிலும் வரும். இங்கேயோ செத்துப்போன பாட்டிமாரின் வீடுகளை ஒதுக்கும் பேரப்பிள்ளைகள், ‘இந்தக் கறுத்த மரம் ஆருக்கு வேணும்’ என்று லொறி லொறியாக ஏற்றிக் கொடுத்தார்கள். ஐம்பதுகளில் ஹான்ஸ் வெக்னர், போர்க மோகன்சன் போன்றவர்களின் பெயர் உலகமெங்கும் பரவிய காலத்தில் டெனிஷ் பட்டறைகள் தாய்லாந்துத் தேக்கை இழைத்துத் தள்ளின. நாங்கள் வந்தபோது அந்த மோகம் வடிந்து, வெளிர் நிறப் பைன் மரம் கொடிகட்டிப் பறந்தது. வேலை கிடைத்து, இரண்டு சம்பளம் வரத் தொடங்கியதும் எங்கள் வீடுகளிலும் தேக்கு வெளியேறிக் கறுப்புத் தோல் சோபா உள்ளே வந்தது. ஆர் வீட்டுக்குப் போனாலும் அதே சோபா, அதே கண்ணாடி மேசை, மேசையில் மிக்சரும் தேநீரும்.

அந்தத் தோல் சோபாவை இன்று சும்மா தருகிறோம் என்றாலும் எடுக்க ஆளில்லை. தேக்கு ஏலத்துக்குப் போகிறது. எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று தப்பியது, ஒரு தாழ்ந்த, நீண்ட அலுமாரி. அதன் மரம் தன் தாய்வீட்டு அலுமாரியின் மரம் போலவே இருக்கிறது என்று மனைவி அதை விடவில்லை. இழுத்துத் திறக்கும் இரண்டு கதவு, விரல் வைத்து இழுக்க மரத்திலேயே பிறை வடிவில் குடைந்த பள்ளம். அந்தப் பள்ளத்தில் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளின் திருநீறும் குங்குமமும் பட்டுப் பட்டு, ரேகைக்குள் இறங்கி, இப்போது அதுவே மரத்தின் நிறமாகிவிட்டது. மேலே குத்துவிளக்கு நின்ற இடத்தில் எண்ணெய் வட்டம். பழைய தளபாடம் வாங்கும் ஒருவர் வந்து அலுமாரியைத் தடவிப் பார்த்து, வட்டத்தை மட்டும் தேய்த்துப் பொலிஷ் போட்டால் நல்ல விலை போகும் என்றார். மகள் குறுக்கே வந்து நின்றாள். “அப்பா, உதை நான் கொண்டு போறன். ஒருத்தரும் தேய்க்க வேண்டாம்.” அந்த ஒரு பொருளுக்கு எங்களிடையே விவாதமே நடக்கவில்லை.

வீதியோரம் நிற்கும் தபால் பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் கதவிலேயே ஒரு துவாரம் இருக்கும், கடிதம் உள்ளே விழுகிற சத்தம் படுக்கையறை வரை கேட்கும். நீல நிற வான்கடிதமா, பில்லா என்று சத்தத்திலேயே பிரித்தறியும் காது அன்று எங்கள் எல்லாருக்கும் இருந்தது. தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்கள் 1987இலிருந்து சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைக்கப்பட்ட காலம் அது. அந்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது, டெனிஷ்காரர் இன்றும் அதைத் ‘தமிழர் விவகாரம்’ என்றுதான் குறிப்பிடுவார்கள். மனைவி பிள்ளைகளின் அனுமதிக் கடிதத்துக்காக, இரவு வேலை முடிந்து வந்தும் படுக்கப் போகாமல் கதவடியில் கதிரை போட்டுக் காத்திருந்த நண்பர்களை நான் அறிவேன். பிறகு, தபால்காரர் வாசல்வரை நடக்கத் தேவையில்லை, 2012 ஜனவரிக்குள் பெட்டி வீதியோர எல்லைக்கு வந்துவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. நாங்களும் ஒரு பெட்டி வாங்கி நட்டோம். நான்காம் கிறிஸ்தியான் மன்னர் 1624இல் தொடங்கிய அரச தபால் சேவை 2025 டிசம்பர் 30ஆம் தேதியோடு கடிதம் விநியோகிப்பதையே நிறுத்திவிட்டது. செய்தியெல்லாம் கைபேசியில் நொடியில் வருகிறது, நல்லதுதான். ஆனால் பேத்திக்கு என் தாயின் கையெழுத்தைக் காட்ட என்னிடம் ஒரு பிஸ்கட் பெட்டி நிறையக் கடிதம் இருக்கிறது, என் கையெழுத்தைக் காட்ட அவளிடம் என்ன இருக்கும்? பெட்டியை வீட்டோடு விடுகிறோம். எங்கள் நீண்ட பெயர் பொறித்த தகட்டை மட்டும் கழற்றிக்கொள்கிறோம்.

வீடியோ கசற்றுகளைப் பற்றி நிறையச் சொல்ல விருப்பமில்லை. கலியாணம், சாமத்தியவீடு, பிரண்டா அபிராமி அம்மன் கோயில் திருவிழா என்று பரண் முழுக்க அவைதான். ஓட வைக்கும் மெஷினே வழக்கொழிந்துவிட்டது. மகன் முக்கியமானவற்றைக் கணினிக்கு மாற்றித் தந்தான். மிச்சம் குப்பை சேகரிக்கும் நிலையத்தில் எரிக்கும் குப்பைக்குப் போகிறது. இந்த நாட்டில் குப்பை எரிந்த சூடு குழாய்வழியே வீடுகளுக்குத்தான் திரும்பி வரும் என்று மகன் சொன்னபோது மனைவிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இப்படி ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, துடைத்து, யாருக்கு எது என்று யோசிக்க நாள் கிடைத்திருப்பதை நான் பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே வீதியால் தென்மராட்சிக்கு நடந்தபோது என் தாய்க்கு அந்த நாள் கிடைக்கவில்லை. இலட்சக்கணக்கான சனம், கொட்டும் மழை, நாவற்குழிப் பாலத்தில் அடி அடியாக நகர்ந்தார்கள். அம்மா எடுத்தது நகை, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டின் உறுதி, இவ்வளவுதான். அந்த உறுதியில் வீடும், கிணற்றில் பங்கும், வழி வாய்க்காலும் என்று வரிசையாக எழுதியிருக்கும். அடுத்த ஆண்டு திரும்பிப் போய்ப் பார்த்தபோது கிணறு இருந்தது. கதவும் யன்னலும் நிலையோடு பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. கட்டடத்தில் பொருத்தியவை கட்டடத்தோடு போகும் என்று தரகர் படித்துக் காட்டிய அன்று என் மனம் அந்த யன்னல் நிலைகளில்தான் நின்றது. அதனால்தான் இந்தப் பட்டியலை நான் அவசரமில்லாமல் எழுதுகிறேன். இது வெறும் கடதாசி வேலை என்று பிள்ளைகள் சொன்னாலும் விடுவதாக இல்லை.

மிஞ்சியிருந்தது கராஜ். எங்கள் ஆட்கள் பலரின் வீடுகளில் உள்ளதுபோல எங்களுக்கும் அங்கே இரண்டாவது குசினி இருக்கிறது. மீன் பொரிக்க, தூள் வறுக்க, திருவிழாவுக்கு வடை சுட என்று ஒரு காஸ் அடுப்பு. அந்தக் காலத்தில் மிளகாய் வறுக்கிற நாளில் கதவிடுக்கெல்லாம் துணி அடைப்போம், அயலுக்கு மணக்கக்கூடாது என்று. வாங்க வந்த இளம் சோடி வீடு முழுவதையும் அமைதியாகப் பார்த்துவிட்டு, கராஜில்தான் அதிக நேரம் நின்றார்கள். அந்த அடுப்பை விட்டுப் போவீர்களா என்று பையன் கேட்டான். அவனுக்குக் கொத்தமல்லி தெரிகிறது, தேங்காய்ப்பால் எந்தக் கடையில் மலிவு என்றும் தெரிகிறது.

அந்தப் பெண் கேட்டது மூலையில் இருந்த ஆட்டுக்கல்லை. தமிழ்க் கடை ஒன்றுக்குச் சென்னையிலிருந்து கப்பலில் வந்த சாமான்களோடு வந்து, ஆடாமல் இருக்க மனைவி சீமெந்து போட்டு நிறுத்திய கல். கிரைண்டர் வந்தபின் ஓய்ந்திருந்தாலும் தீபாவளிக்குக் கழுவிப் பொட்டு வைப்போம். மனைவி உள்ளே போய், அடுத்த நாள் தோசைக்கு ஊறப்போட்டிருந்த உழுந்தில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து குழிக்குள் போட்டு, குழவியைச் சுழற்றிக் காட்டினாள். அந்தப் பெண்ணும் குந்தியிருந்து சுழற்றினாள். வெள்ளை மா விளிம்பில் ஏறியதும் விரலால் தள்ளிவிட வேண்டும் என்பதை ஆரும் சொல்லாமலே செய்தாள்.

“இஞ்சேருங்கோ, கல்லு இங்கேயே இருக்கட்டும்” என்றாள் மனைவி.

சீமெந்தில் நிற்பதால் அது சட்டப்படி கட்டடமா, இல்லாவிட்டால் தளபாடமா என்று தரகர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, பிணக்கு வராமல் எழுதியே விடுவோம் என்று பத்திரத்தை எடுத்து, உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு அடுத்த வரியில், ‘கல் அரைக்கும் கருவி, ஒன்று, கராஜில் உள்ளபடி’ என்று சேர்த்தார். குழவி கழன்று வரும், அதையும் தனியாக எழுதுங்கள் என்றேன். எழுதினார். நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம்.