‘மிஸ் ஆதல்’: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வினையியல் ஆய்வு

மனிதர் பொருளைத் தொலைக்கிறார் என்றொரு கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்குச் சான்றில்லை. இங்கே பொருள்கள் தாமாகவே போகின்றன.

அ) இலக்கணச் சான்று: ‘மிஸ்’ என்னும் ஆங்கில வினை தமிழில் தனித்து நிற்காது, ‘பண்ணு’, ‘ஆகு’ இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே நடக்கும். ‘அறந்தாங்கி பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன்’ என்பதில் ஆள் உண்டு. அடுத்த பஸ் வந்துவிடும் என்பதால் பழியேற்க யாரும் தயங்குவதில்லை. ‘வண்டிச் சாவி மிஸ் ஆயிருச்சு’ என்பதில் ஆளே இல்லை. சாவியே எழுவாய், குற்றவாளியும் அதுவே. விலை ஏற ஏறப் ‘பண்ணு’, ‘ஆகு’வாகத் திரியும் என்பது விதி. ‘மிஸ், பென்சில் மிஸ் ஆயிருச்சு மிஸ்’ என்னும் பள்ளி வழக்கில் முதலும் ஈறும் ஆசிரியை. நடுவில் நிற்பதே வினை.

ஆ) ஆவணச் சான்று: நாளிதழ்களின் பொது அறிவிப்புகளில் அசல் கிரையப் பத்திரங்கள் பெரும்பாலும் ஜெராக்ஸ் எடுக்கப் போகும் வழியில்தான் ‘தவறிவிடுகின்றன’. நகல் எடுக்கப்படுவதை அசல்கள் விரும்புவதில்லை என்றே கொள்ளவேண்டும்.

இ) சமயச் சான்று: தொலைந்தது கிடைத்தால் வெல்லம் படைப்பதாக அரைக்காசு அம்மனுக்கு வேண்டிக்கொள்வது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். அவள் திருக்கோகர்ணம் பிரகதாம்பாளே. புதுக்கோட்டை சமஸ்தானம் அவள் பெயரால் செப்புக்காசு அடித்தது. ஒரு பக்கம் அம்மன் உருவம், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரியில் அதை மக்களுக்கு வழங்கினார்கள். 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. தொலைந்ததையெல்லாம் மீட்டுத் தருபவளின் காசே இன்று புழக்கத்தில் மிஸ் ஆகிவிட்டது. இதையும் யாரும் தொலைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஈ) எதிர்ச்சான்று: சாவி சிலசமயம் துவைத்துக் காய்ந்த சட்டைப்பையில் அகப்படுகிறது. அந்நேரம் ‘ஆயிருச்சு’ மறைந்து, ‘பாக்கெட்டப் பாக்காம நீதான் மிஸ் பண்ணிட்ட’ என்னும் வடிவம் வீட்டுக்காரியை நோக்கிப் பிறக்கிறது. எனவே விதியைத் திருத்துகிறோம்: தன்மையில் ‘ஆகு’, முன்னிலையில் ‘பண்ணு’.

சாவி கிடைத்துவிட்டபடியால் வெல்லம் படைக்கவேண்டும். வேண்டிக்கொண்டவரைக் கேட்டோம். ஞாபகம் மிஸ் ஆயிருச்சாம்.