போனுக்கு ஊதிய சங்கு

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருந்துகொண்டு டிவியைக் குறைக்கப் பார்ப்பது, அல்வாக் கடை மாடியில் குடியிருந்துகொண்டு சர்க்கரையைக் குறைப்பது மாதிரி. ஜெயா டிவி இங்கேதான். புதிய தலைமுறையும் இங்கேதான். ஊருக்கெல்லாம் செய்தி சொல்லும் சேனல்கள் பக்கத்திலேயே இருந்தும், எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி எப்போது வரும் என்பதை வாட்ஸ்அப் குழுவில்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே போனையும் விட முடியாது.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாருமே போன் பார்ப்பதில்லை. அப்பா மருத்துவக் குறிப்பு படிக்கிறார். அம்மா மார்கழிக்குக் கோலம் தேடுகிறாள், சித்திரையிலேயே. மனைவி பள்ளிக்கூடக் குழுவில் ஹோம்வொர்க் பார்க்கிறாள். நான் ஆபீஸ் மெயில் பார்க்கிறேன்; அது எப்படியோ கிரிக்கெட் ஸ்கோரில் போய் முடிகிறது. போன் பார்க்கிற குற்றத்தைச் செய்பவன் பையன் ஒருவன்தான். அதுவும் ஹோம்வொர்க் வருகிற அதே போனில்.

இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்த வழிகாட்டுதல் 5 வயதுக்கு உட்பட்டவர்களோடு முடிந்துவிடுகிறது. 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் சீரியல் பார்ப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மாவிடம் இதை எடுத்துச் சொன்னேன். "பார்த்தியா, அவங்களே எனக்குத் தடை சொல்லலை" என்றாள்.

அப்போதுதான் மோஹித்யாஞ்சே வட்காவ் பற்றிப் படித்தேன். மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்துக் கிராமம். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பு போன பிறகும் பிள்ளைகள் கையைவிட்டுப் போன் போகவில்லை. 2022 சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் ஊர் கூடி முடிவெடுத்தார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஊதும். வீடுகளில் டிவி, போன் எல்லாம் அணையும். மறுபடி 8:30-க்கு ஊதும். அதுவரை பிள்ளைகளுக்குப் படிப்பு, பெரியவர்களுக்குப் பேச்சு.

எங்கள் வீட்டில் சைரன் இல்லை; குக்கர் இருக்கிறது. அதே ஏழு மணிக்கு, மூன்றாவது விசிலுக்கு எல்லாப் போன்களும் கூடைக்குள் போக வேண்டும், டிவி அணைய வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

"ஏழு மணிக்கா? என் சீரியலே அப்போதானே! நடுராத்திரியில ஒன்றரை மணி நேரம் வெச்சுக்கோ, நான் வேண்டாம்னா சொல்றேன்?" என்றாள் அம்மா.

அப்பா சட்ட நுணுக்கத்துக்குப் போனார். "அரிசிக்கு மூணு விசில் சரி. கொண்டைக்கடலை வெச்சா என்ன கணக்கு?"

ஒருவழியாக விசில் அடித்தது. போன்கள் கூடைக்குப் போயின. உடனே கீழே பார்சல்காரர். "சார், ஓடிபி சொல்லுங்க!" யாருடைய பார்சல் என்று தெரியாததால் ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். எடுத்தது எதுவும் கூடைக்குத் திரும்பவில்லை. எனக்கும் ஒரு மெயில் வந்திருந்தது.

"அந்த ஊர்ல அப்பாங்களும் ஆஃப் பண்ணுவாங்களாப்பா?" என்று கேட்டான் பையன்.

விஷயமே அதுதான். அங்கே சைரன் எல்லார் வீட்டுக்கும் சேர்த்துத்தான் ஊதுகிறது. எங்கள் தெருவும் அப்படி ஒரு தடவை ஒழுங்காக இருந்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்து கரண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போனபோது. போன்களும் சார்ஜ் தீர்ந்து அடங்கின. அப்பா மொட்டை மாடியில் தாயக்கட்டை உருட்டினார். எதிர்வீட்டுக்காரர் பெயரே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாருக்கும் போனதால் 'எனக்கு மட்டும் ஏன்' என்று யாரும் கேட்கவில்லை.

புயலை வரவழைக்க நம்மால் முடியாது. வீட்டுக்கு வீடு சைரன் வைக்கவும் முடியாது. ஆனால் பிள்ளை கையிலிருக்கும் போனைக் கடைசியாக வாங்கி வைப்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் சட்டம் போடப் போகிறீர்கள் என்றால், முதலில் கூடைக்குப் போக வேண்டியது சட்டம் போட்டவரின் போன். ஆபீஸ் மெயில் 8:30 வரை காத்திருக்கும். ஸ்கோரை மறுநாள் பேப்பரிலும் போடுவார்கள்.