சவர நுரையியல்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

சவர நுரையைப் பற்றி நம்மிடையே வழங்கும் கொள்கைகள் இரண்டே. கன்னத்தில் எவ்வளவு உயரம் எழும்பி நிற்கிறதோ அவ்வளவுக்கு அது நல்ல நுரை என்பது முதற்கொள்கை. ரத்தம் வராமல் மழித்தால் போதும், நுரையில் என்ன கிடக்கிறது என்பது மற்றது. இரண்டாம் கட்சியாரோடு நமக்கு வழக்கில்லை. அவர்கள் ஆராய்ச்சிக்கு வெளியே சந்தோஷமாக இருக்கிறார்கள். முதற்கட்சியார்தான் கவலைக்குரியவர்கள். அவர்களுக்கு நேர்மாறான ஒரு முடிபை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது: கண்ணுக்குத் தெரிகிற குமிழி எதுவும் சவரத்துக்கு ஆகாது. வட்டச் சோப்பையும் பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு காலையில் மல்லுக்கட்டுவோர் தோற்பது பெரும்பாலும் இதை அறியாததால்தான்.

நுரை எதற்கு என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை. தாடி மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. காய்ந்த நிலையில் பிளேடிடம் முரண்டு பிடிக்கும். தண்ணீரில் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை உறிஞ்சி இளகிவிடும். பிறகு பிளேடுக்கு வேலை குறைவு. ஆக, காரியத்தைச் செய்வது தண்ணீர். அற்றேல் சோப்பு எதற்கு எனின், முகம் செங்குத்தானது என்க. தண்ணீர் அதில் நிற்காது. கழுத்து வழியாகப் பனியனுக்குள் போய்விடும். மயிர் ஊற ஓரிரு நிமிடமாவது வேண்டும். அதுவரை தண்ணீரைக் கன்னத்தில் பிடித்து நிறுத்தும் ஏற்பாடே நுரை. இதற்குச் சிறு குமிழிகளே லாயக்கு. பெரிய குமிழிகளுக்கு இடையே தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. சவ்வு மெலிந்து உடைகிறது. போதாக்குறைக்கு, குமிழி சிறுக்கச் சிறுக்க அதனுள் அழுத்தம் கூடும் என்கிறது லாப்லாஸ் விதி. அழுத்தம் மிகுந்த சின்னக் குமிழியிலிருந்து காற்று மெல்லச் சவ்வைக் கடந்து பெரிய குமிழிக்குள் போகிறது. சின்னது இளைக்கிறது, பெரியது பெருக்கிறது. நுரைக்குள் ஒரு பெரிய மனிதரை விட்டுவைத்தால் அக்கம்பக்கத்தார் சொத்தெல்லாம் அவர் வசமாகிவிடும் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

நுரையை மதிப்பிடக் கண் தகுந்த கருவி அன்று என்பதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. மூன்று சவ்வுகள் சேருமிடத்தில் ஒன்றோடொன்று 120 பாகைக் கோணத்தில் நிற்கும், நான்கு விளிம்புகள் ஒரு புள்ளியில் சேர்ந்தால் இடையே சுமார் 109.5 பாகை இருக்கும் என்னும் விதிகளை 1873-இல் தம் நூலில் வகுத்துத் தந்தவர் ஜோசப் பிளாத்தோ. பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துப் பேராசிரியர். 1843-இலேயே பார்வையை முற்றும் இழந்தவர். நுரையின் இலக்கணத்தை எழுதியவருக்கே கண் தேவைப்படவில்லை எனில், குளியலறைக் கண்ணாடி முன் நிற்பவருக்கு ஏன்? அவருக்கு உதவியாளர்கள் பார்த்துச் சொன்னார்களே என்று குறுக்கிடுவோர் உளர். உண்மைதான். ஆனால் அவர்கள் பார்த்தது கம்பிச் சட்டங்களில் கிளிசரின் கலந்த சோப்புநீரை. கன்னத்தை அன்று.

அப்படியானால் எதைக் கொண்டு அறிவது? விரலாலும் காதாலும். அதற்கு முன் சோப்பின் சுபாவத்தைச் சொல்லியாக வேண்டும். தேங்காயெண்ணெய் மிகுந்த குளியல் சோப்பு, தொட்டவுடன் பொங்கும். ஆற்றிய காபியின் மேல்நுரை போல, பேச்சு முடிவதற்குள் அமுங்கியும் விடும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் மிகுதி. கொழுப்புகளைப் பகுத்து ஆராய்ந்து 1823-இல் நூல் எழுதிய பிரெஞ்சு வேதியியலர் ஷெவ்ரல் பெயரிட்ட அமிலம் அது. அதன் உப்பு தண்ணீரில் லேசில் கரையாது. நுரைப்பதற்குச் சோம்பும், நுரைத்தபின் கலையச் சோம்பும். கரைவதற்குக் கொஞ்சம் தூண்டுதலாகத்தான் காஸ்டிக் சோடாவோடு காஸ்டிக் பொட்டாஷையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். இதை அறியாதவர் முதல் பத்து விநாடியில் நுரை வரவில்லை என்று பிரஷ்ஷைக் குழாயடியில் காட்டுகிறார். அங்கேதான் காரியம் கெடுகிறது. முறை வேறு. பன்றி முடி பிரஷ்ஷானால் முதலில் தண்ணீரில் ஊற வேண்டும். பிறகு நன்றாக உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடமாவது சுற்ற வேண்டும். முதலில் வருகிற சலசலத்த குமிழிகளைக் கண்டுகொள்ளக் கூடாது. அவை அடங்கி, முடி நுனிகளில் மங்கலான ஒரு களிம்பு அப்பிக்கொள்ளும். அதை முகத்துக்குக் கொண்டுபோய், இரண்டிரண்டு சொட்டாகத் தண்ணீர் சேர்த்துச் சுற்றச் சுற்ற, மங்கல் போய் ஒரு மினுமினுப்பு ஏறும். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒட்டாமல் வழுக்கினால் பதம் சரி. காது மடல் ஓரம் பூசிக் கவனித்தால் நல்ல நுரை மௌனமாக இருக்கும். தண்ணீர் மிஞ்சிய நுரையோ பொரிகிற ஓசை எழுப்பிக்கொண்டே வடியும்.

இனித் தடைகள். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் எந்தச் சோப்பும் நுரைக்காது என்பது எல்லாரும் சொல்லும் தடை. கோயம்புத்தூர்க்காரர் சிறுவாணிக் குழாயைக் காட்டி ஆழ்குழாயைப் பழிப்பார். கணக்குப் பார்ப்போம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தரநிலை. அந்த உச்சத்திலும் ஒரு லிட்டர் தண்ணீரிலுள்ள கால்சியம் வீணாக்கும் சோப்பு நாலு கிராமுக்குள்தான். வாளித் தண்ணீரில் துணி அலசுவோருக்கு இது நஷ்டம். சவர நுரைக்கோ 20 மில்லிலிட்டர் தண்ணீரே தாராளம். அதில் தொலைவது 0.08 கிராம்கூட இல்லை. கால்சியத்தோடு கூடிய சோப்புத் துகள் குமிழிச் சவ்வைக் கிழிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அதற்கும் பரிகாரம் பிரஷ்ஷை இன்னும் கால் நிமிடம் சோப்பில் சுற்றுவதே. சிறுவாணி வேண்டியதில்லை.

அழுத்தினால் வரும் டப்பா நுரையின் குமிழிகள் கண்ணுக்கே தெரிவதில்லையே, உம் கொள்கைப்படி அதுதானே உத்தமம் என்று கேட்பவர் கெட்டிக்காரர். அந்த நுரை எவ்வளவு சீரானதென்றால், அமெரிக்க இயற்பியலர் மூவர் 1991-இல் நுரைக்குள் ஒளி சிதறுவதை ஆராய ஜில்லெட் டப்பாவையே சோதனைப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். குமிழித் தேர்வில் அதற்கு முதல் வகுப்பு கொடுக்கத் தடையில்லை. ஆனால் அதே நுரையின் கன அளவில் 92 சதவீதம் வாயு. மிச்சம் எட்டில் எவ்வளவு தண்ணீர் என்பது தொழிற்சாலையிலேயே தீர்மானமாகிவிட்டது. முரட்டுத் தாடிக்காரர் இரண்டு சொட்டுக் கூடுதலாக வேண்டுமென்றால் யாரிடம் போய்க் கேட்பார்? சிறு குமிழி அவசியம். அதுவே போதுமென்று நாம் சொல்லவில்லை.

எஞ்சியிருப்பது சலூன் தடை. லாப்லாஸையும் பிளாத்தோவையும் கேள்விப்படாத முடிதிருத்துநர் நொடியில் நுரை வரவழைக்கிறாரே எனின், அற்றன்று. அவர் பிரஷ் பகலெல்லாம் காய்வதில்லை, நாம் செய்யத் தவறும் ஊறவைத்தல் அங்கே எப்போதும் நடந்தபடியே இருக்கிறது. நொடியில் முடிப்பதாகத் தோன்றுவதும் பிரமை. நுரையைப் பூசிவிட்டு அவர் பிளேடை மாற்றுகிறார், தேர்தல் முடிவைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார், வாசலில் போகிறவருக்குப் பதில் சொல்கிறார். மயிர் ஊறுவதற்கான இரண்டு நிமிடம் அதில் கழிந்துவிடுகிறது. பிரஷ் சுற்றும்போது அவர் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தால் நம் தரப்புக்கு இன்னொரு சாட்சியும் கிடைக்கும். பெரும்பாலும் எதிர்ச் சுவரில் ஓடும் டிவியில்தான் இருக்கிறது.