தீவு அழைக்கிறது

கேள்வி: குடும்பத்தோடு மொரீஷியஸ் தீவுக்கு யாத்திரை போக உத்தேசம். எந்தப் பருவம் உசிதம்? எதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது?

பதில்: பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அந்தத் தேசத்தில் ருதுக்கள் தலைகீழ், இங்கே அக்கினி நட்சத்திரம் தகிக்கும் மே மாதத்தில் அங்கே இதமான குளிர்காலம் ஆரம்பமாகி அக்டோபர் வரை நீடிப்பதால், குடையோடு ஒரு கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு அப்போதே புறப்படுங்கள். அரசாங்க விடுமுறையோடு கொண்டாடப்படும் தைப்பூசக் காவடியைத் தரிசிக்க ஆசையிருந்தால், அது நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான புயற்காலத்தில் வருவதால், முருகனை நம்பிப் போகலாம். ஆனால் திரும்பும் தேதியில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டு கைக்கு வந்ததும் அதைச் செலவழிக்க அவசரப்படாமல் ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். அதன் மதிப்பு தமிழெழுத்திலும் அச்சாகியிருக்கும். அந்த எழுத்துக்கு விலை கொடுத்தவர்களை அறிய, போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் உள்ள ‘ஆப்பிரவாசி காட்’ (Aapravasi Ghat) என்னும் இடத்துக்குச் செல்லுங்கள். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறிய கல்படிகள் அங்கே 16. பதினாறு பேறுகளில் ஒன்றும் இல்லாமல் அவற்றில் ஏறி, சந்ததிக்கு ஒரு தேசத்தையே தேடித் தந்தார்கள். கடற்கரை காத்திருக்கும், முதல் வணக்கம் அந்தப் படிகளுக்கே.